ஒற்றை இன்ஜினும் மலை மேகமும்

சின்ன விமானம் என்ற பேச்சு வந்தாலே எங்கள் வீட்டில் முதல் கேள்வி இன்ஜினைப் பற்றித்தான். அக்கா மகன் சமவெளியில் ஒரு பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டச் சேர்ந்த நாளிலிருந்து, அக்கா அதை வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "ஒரே ஒரு இன்ஜினாமே தம்பி, நடு வானத்துல அது நின்னுபோச்சுன்னா புள்ள என்னடா பண்ணுவான்?" நான் விமானப் பராமரிப்பு வேலையில் இருந்தவன். வேலைக்காலம் முழுக்கச் சின்ன விமானங்களின் இன்ஜினைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு கோத்தகிரியில் குடியிருக்கிறேன். போனில் நான் சொன்ன பதில் அக்காவுக்குப் போதவில்லை. அவள் மகனைப் போலப் பல வீட்டுப் பிள்ளைகள் இப்போது பைலட் ஆகப் போகிறார்கள், அவர்கள் வீட்டிலும் இதே பயம்தான் இருக்கும். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இன்ஜின் நின்றுவிட்டால் விமானம் அப்படியே கீழே விழுந்துவிடாது. இறக்கையைத் தாங்குவது அதன்மேல் ஓடும் காற்று. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றினால் காற்று ஓடிக்கொண்டே இருக்கும், விமானம் சறுக்கிக்கொண்டு போகும். பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் பார்க்கும் செஸ்னா 172, ஓர் அடி இறங்கும்போது ஏறக்குறைய ஒன்பது அடி முன்னால் போகும். கோத்தகிரிக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 8,000 அடியில் பறக்கும்போது இன்ஜின் நின்றதாக வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் தரை ஏறக்குறைய 1,000 அடியில் இருக்கிறது. மிச்சமுள்ள 7,000 அடியில் 19 கிலோமீட்டர் வரை சறுக்கலாம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் நேர்க்கோட்டில் 16 கிலோமீட்டர்தான். காற்று எதிராக வீசாமல் இருந்தால், ஒரு வயலையோ காலி மைதானத்தையோ தேர்ந்தெடுத்து இறங்க ஒன்பது நிமிடத்துக்கு மேல் கையில் இருக்கும். விமானம் சேதமாகலாம். உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் நடந்து வெளியே வருவார்கள். இந்தப் பயிற்சியை முதல் சோலோவுக்கு, அதாவது தனியாக ஓட்டும் முதல் பறப்புக்கு, முன்பே திரும்பத் திரும்பச் செய்ய வைத்துவிடுவார்கள்.

சரி, இன்ஜின் எதனால் நிற்கிறது? பாகம் உடைந்து நிற்பதும் உண்டு. ஆனால் இந்த இன்ஜின்களைச் செய்தவர்கள் அதற்கும் யோசித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கத் தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோ. ஒன்று செத்தாலும் மற்றது ஓட்டும். பேட்டரி முழுக்கப் போனாலும் இன்ஜின் நிற்காது. எந்தக் குறையும் இல்லாத இன்ஜின் நின்றுபோகும் சம்பவங்களில் பெரும்பங்கு பெட்ரோல் சம்பந்தப்பட்டது. பெட்ரோல் தீர்ந்திருக்கும். அல்லது ஒரு டேங்கில் நிறைய இருக்கும், திருப்பி வைக்க வேண்டிய குமிழ் காலியான டேங்கின் பக்கமே இருக்கும். அதுவும் இல்லையென்றால் பெட்ரோலில் தண்ணீர்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈரமான ஊர்களில் இது தினசரிப் பிரச்சினை. பாதி டேங்கோடு விமானத்தை இரவு வெளியே நிறுத்தினால், மிச்சப் பாதியில் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து டேங்கின் உள்சுவரில் நீர் கோர்க்கும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மழைத் தண்ணீரும் இறங்கும். தண்ணீர் பெட்ரோலை விடக் கனமானது, அடியில் போய்த் தங்கும். இன்ஜினுக்குப் போகும் குழாயும் அடியிலிருந்துதான் புறப்படுகிறது. அதனால் காலையில் முதல் வேலையாக, இறக்கையின் அடியில் இருக்கும் வடிகால் வால்வில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் கப்பை அழுத்தி பெட்ரோல் பிடித்துப் பார்ப்போம். கப்பின் நடுவில் ஒரு கம்பி நிற்கும், அதுதான் வால்வைத் தள்ளும். விமான பெட்ரோல் நீல நிறம். கப்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அடியில் நிறமில்லாத ஒரு துளி உருண்டுகொண்டிருக்கும், அது தண்ணீர். துளி தெரியாத வரை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் புதியவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. கப் முழுக்கவே தண்ணீராக இருந்தால் துளி எதுவும் தெரியாது, தெளிவாகச் சுத்தமாகத்தான் இருக்கும். அதனால் துளியைத் தேடுவதற்கு முன்னால் நீலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முகர்ந்தும் பார்க்க வேண்டும். அக்கா மகனிடம் நான் முதலில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். "மாமா, எங்க மெக்கானிக் அண்ணன் காலையிலேயே பாத்துடுவாரு" என்றான். "அவர் பாக்கட்டும்டா. ஏறப் போறது நீ. நீயும் பாரு" என்றேன்.

இன்னொன்று, இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் பனி பிடிப்பது. இதைச் சொன்னால் நம்ம ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். பனிக்கட்டி உறைய வேண்டுமென்றால் ஜனவரி விடியற்காலை ஊட்டியாக இருக்க வேண்டும் என்றுதான் நினைப்போம். ஆனால் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கையில் பெட்ரோல் பட்டால் சில்லென்று இருப்பது அதனால்தான். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்றின் அழுத்தமும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து உள்ளே வெப்பநிலையை 30 டிகிரி செல்சியசுக்கு மேல்கூடக் கீழே இறக்கிவிடும். அப்போது வெளியே 15 அல்லது 18 டிகிரி இருந்தாலும், காற்றில் ஈரம் இருந்தால், கார்புரேட்டரின் கழுத்தில் பனி படிய ஆரம்பிக்கும். பதினைந்து டிகிரியும் சொட்டச் சொட்ட ஈரமும் குன்னூரிலும் கொடைக்கானலிலும் எத்தனை நாள் இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

இது வரும் விதம்தான் ஆபத்து. இன்ஜின் திடீரென்று நிற்காது. சுற்று எண்ணிக்கை மெதுவாகக் குறையும், பைலட் தன்னையறியாமல், இன்ஜினின் சக்தியைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டுவார். மறுபடி குறையும், மறுபடி கூட்டுவார். கடைசியில் இன்ஜின் உதற ஆரம்பிக்கும். இதற்கென்று ஒரு குமிழ் இருக்கிறது, இழுத்தால் சைலன்சரைச் சுற்றிச் சூடான காற்று கார்புரேட்டருக்குள் வரும். இழுத்ததும் நிலைமை முதலில் இன்னும் மோசமாகும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, உருகிய பனியும் தண்ணீராக இன்ஜினுக்குள் போகும், அதனால் உதறல் அதிகமாகும். பயந்துபோய்க் குமிழை மறுபடி உள்ளே தள்ளிவிட்டால் முடிந்தது. முழுக்க இழுத்து வைத்துப் பொறுத்திருக்க வேண்டும், அந்த அரை நிமிடத்துக்குத்தான் நெஞ்சுரம் தேவை. விழுந்த விமானத்தைப் பிறகு பிரித்துப் பார்க்கும்போது பனியெல்லாம் உருகிப் போயிருக்கும், இன்ஜினில் எந்தக் குறையும் தெரியாது. புதிய செஸ்னா 172-களில் கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலை நேரடியாகப் பீய்ச்சும் அமைப்பு வந்துவிட்டது. பயிற்சிக்கு ஓடும் பழைய செஸ்னா 152-களிலும் பழைய 172-களிலும் இன்னும் அதே கார்புரேட்டர்தான்.

இவ்வளவு எழுதினாலும், இன்ஜின் என்பது இந்தக் கதையில் சின்னப் பங்குதான். அமெரிக்காவில்தான் உலகத்திலேயே அதிகச் சின்ன விமானங்கள் பறக்கின்றன, அங்கே ஒவ்வொரு விபத்தையும் விசாரித்து எழுதி வைக்கிறார்கள். பல ஆண்டுகளாக அந்தக் கணக்கு ஒன்றையே காட்டுகிறது. ஏறக்குறைய நான்கில் மூன்று விபத்துகள் பைலட்டின் முடிவாலோ கைப்பிசகாலோ நடப்பவை. எண்ணிக்கையில் அதிகம், இறங்கும்போது நடப்பவை. விமானம் தரையில் துள்ளித் துள்ளி இறங்குவது, பக்கக் காற்றில் ரன்வேயை விட்டு ஓடுவது, முன் சக்கரத்தில் இறங்கி ப்ரொப்பெல்லரைத் தரையில் தேய்ப்பது. இவற்றில் காயம்கூட அபூர்வம், பள்ளிக்குச் செலவு, பையனுக்கு அவமானம், அவ்வளவுதான். அதிக எடை ஏற்றுவதும் உண்டு. நான்கு சீட் இருக்கிறது என்பதற்காக நான்கு பெரியவர்களும் முழு டேங்கும் ஏற்றினால் பெரும்பாலான நான்கு சீட் விமானங்கள் எடை வரம்பைத் தாண்டிவிடும். தாழப் பறந்து வித்தை காட்டுவது இன்னொன்று. 1980 ஜூன் 23 அன்று டெல்லி சப்தர்ஜங்கில் சஞ்சய் காந்தியும் கேப்டன் சுபாஷ் சக்சேனாவும் இறந்தது ஒற்றை இன்ஜின் பிட்ஸ் விமானத்தில், வித்தை காட்டும்போது.

உயிரை எடுப்பவற்றில் இரண்டைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஒன்று, தரைக்குப் பக்கத்தில் வேகத்தை இழப்பது.

இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் அளவைத் தாண்டினால், பதினைந்து பதினாறு டிகிரி வாக்கில், மேற்பரப்பில் ஒட்டி ஓடும் காற்று பிய்ந்துகொள்ளும். தூக்கும் விசை சட்டென்று போய்விடும். இதைத்தான் ஸ்டால் என்கிறோம். காருக்கு ஸ்டால் என்றால் இன்ஜின் நிற்பது, விமானத்தில் இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டால் ஆகும். உயரத்தில் நடந்தால் மூக்கைத் தாழ்த்தி மீண்டுவிடலாம். ரன்வேக்குத் திரும்பும் கடைசித் திருப்பத்தில் நடந்தால் மீள உயரம் இருக்காது. அது எப்படி நடக்கிறது என்றால், பின்னால் காற்று தள்ளியதால் விமானம் ரன்வேயின் நேர்க்கோட்டைத் தாண்டிப் போயிருக்கும். பைலட் இன்னும் இறுக்கித் திருப்புவார். 45 டிகிரி சாய்ந்தால் ஸ்டால் ஆகும் வேகம் 19 சதவீதம் கூடுகிறது, 60 டிகிரி சாய்ந்தால் 41 சதவீதம். தரை பக்கத்தில் இருப்பதால் அதிகம் சாய்க்கப் பயந்து, வாலில் இருக்கும் திருப்புப் பலகையான ரட்டரைக் காலால் மிதித்து மூக்கை இழுப்பார். உள்பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆகும், விமானம் அந்தப் பக்கமாகக் குப்புறச் சுழலும். அப்போது உயரம் 500 அடிதான் இருக்கும். செய்ய வேண்டியது எளிது. கோட்டைத் தாண்டிவிட்டால் திருப்பத்தை விட்டுவிட்டு, த்ராட்டிலைத் தள்ளி, மேலே போய், இன்னொரு சுற்று வர வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும்.

புறப்பட்டதும் இன்ஜின் நின்றால் ரன்வேக்கே திரும்ப நினைப்பதும் இதே வகைதான். 400 அடியில் திரும்ப முயன்றால் பாதித் திருப்பத்தில் உயரம் தீர்ந்துவிடும். நேராக, அல்லது சற்று இடமோ வலமோ சாய்ந்து, முன்னால் கிடைக்கும் நிலத்தில் இறக்குவதுதான் வழி. அக்காவின் கேள்விக்கு உண்மையான பதிலும் இதில் இருக்கிறது. இன்ஜின் நிற்பதைத் தாங்கிக்கொள்ளலாம். அது நின்றவுடன் கை என்ன செய்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

இரண்டாவது, மேகம். மலையில் குடியிருப்பவன் என்பதால் இதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2021 டிசம்பர் 8 நீலகிரியில் யாருக்கும் மறக்காது. ஜெனரல் பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா, இன்னும் 12 பேர் சென்ற விமானப்படையின் எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் சூலூரிலிருந்து 11.48-க்குக் கிளம்பியது. வெலிங்டனில் 12.15-க்கு இறங்க வேண்டும். 12.08-க்குத் தொடர்பு அறுந்தது. காட்டேரிக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்து மக்கள்தான் சத்தம் கேட்டு முதலில் ஓடினார்கள், வீட்டிலிருந்த போர்வைகளை எடுத்துக்கொண்டு. பதின்மூன்று பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15 அன்று பெங்களூரில் இறந்தார். அந்த ஹெலிகாப்டருக்கு இரண்டு இன்ஜின், இரண்டும் நன்றாகவே இருந்தன. முப்படை விசாரணைக் குழு 2022 ஜனவரியில் சொன்னது இது: இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போனது, பைலட்டுக்குத் திசை உணர்வு குழம்பியது, பறக்கும் நிலையிலேயே தரையில் மோதியது. அவ்வளவு பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த மலை மேகம் இப்படிச் செய்யும் என்றால், ஐம்பது மணி நேரம் பறந்த பையனுக்கு என்ன செய்யும் என்று நான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மேகத்துக்குள் என்ன ஆகிறது? நம் உள்காதில் அரைவட்டக் குழல்கள் மூன்று இருக்கின்றன, அவற்றுக்குள் திரவம். தலை திரும்பினால் குழல் திரும்பும், திரவம் பின்தங்கும், அந்த வித்தியாசத்தை மூளை திருப்பம் என்று படிக்கிறது. தண்ணீர்க் குடத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், முதலில் குடம் மட்டும் சுற்றும், சற்று நேரத்தில் தண்ணீரும் கூடவே சுற்றத் தொடங்கிவிடும். காதுக்குள்ளும் அதேதான். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் இருபது விநாடி வாக்கில் திரவமும் சேர்ந்து திரும்பிவிடும், நேராகப் போகிறோம் என்றுதான் உடம்பு சத்தியம் செய்யும். அப்போது உண்மையிலேயே விமானத்தை நேராக்கினால், எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். உடனே பழைய சாய்வுக்கே கை கொண்டுபோகும். சாய்ந்த விமானம் மூக்கைத் தாழ்த்தும், வேகம் கூடும். பைலட் கையிலிருக்கும் கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னுக்கு இழுப்பார், திருப்பம் இன்னும் இறுகும். சுருள் சுருளாகக் கீழே போகும். வெளியே தொடுவானம் தெரிந்தால் கண் இதையெல்லாம் ஒரு நொடியில் திருத்திவிடும். மேகத்துக்குள் கண்ணுக்கு வேலை இல்லை.

1954-இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை, பக்கத்தில் பாதுகாப்புக்கு ஓர் ஆசிரியரோடு, ஒற்றை இன்ஜின் பொனான்சா விமானத்தில் ஏற்றி, வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. அந்தச் சோதனை இவர்களைப் பயமுறுத்த நடத்தப்பட்டதல்ல, எப்படிக் காப்பாற்றுவது என்று கற்றுக்கொடுக்க நடத்தப்பட்டது. பிறகு அவர்களுக்கே எளிய முறையில் பின்னால் திரும்பி வெளியே வரக் கற்றுக்கொடுத்தார்கள், கற்றுக்கொண்டார்கள். அதனால்தான் இப்போது எல்லாப் பயிற்சியிலும் சில மணி நேரம் கருவிகளைப் பார்த்துப் பறக்க வைக்கிறார்கள். ஆனால் அது தவறி உள்ளே போனால் வெளியே வருவதற்கான பயிற்சி மட்டுமே, உள்ளே போவதற்கான அனுமதி அல்ல.

முழு மேகம்கூட வேண்டியதில்லை. 1999 ஜூலை 16 இரவு, ஜான் எஃப். கென்னடியின் மகன் தன் ஒற்றை இன்ஜின் பைப்பர் சரடோகாவில் மனைவியையும் மனைவியின் அக்காவையும் ஏற்றிக்கொண்டு கடல்மேல் போனார். மங்கலான புழுக்க இரவு, கீழே கடல், கரை விளக்குகள் தெரியவில்லை. இன்ஜினில் எந்தக் கோளாறும் இருந்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை. திசை உணர்வு குழம்பிக் கட்டுப்பாடு போனது என்பதுதான் விசாரணையின் முடிவு.

நம் மலைகளில் மேகம் வரும் விதம் தனி. சமவெளியில் மேகம் தலைக்கு மேலே இருக்கும், கீழே தாராளமாக இடம் இருக்கும். இங்கே மேகத்தின் அடியும் மலையின் தலையும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவு, வடகிழக்குப் பருவமழைதான் இங்கே பெரிய மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சமவெளியின் ஈரக்காற்று பர்லியாறு, காட்டேரிப் பள்ளங்கள் வழியாக மேலே ஏறும்போது குளிர்ந்து, ஏறும் இடத்திலேயே மேகமாகிவிடும். காலை ஒன்பது மணிக்குப் பவானிசாகர் அணைத் தண்ணீர் மின்னுவதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்போம், டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் எதிர் வீட்டுச் சுவர் தெரியாது. தூரத்திலிருந்து மேகம் நகர்ந்து வந்தால் பார்த்து விலகலாம். இது நாம் நிற்கும் காற்றுக்குள்ளேயே உருவாவது, முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் மூடும். கொடைக்கானலின் தெற்கு விளிம்பில், தூண் பாறை பக்கம் நின்றவர்களுக்கும் இது தெரியும்.

மேகம் இல்லாவிட்டாலும் மலைக்குத் தனிக் கணக்கு உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு நேர்க்கோட்டில் 16 கிலோமீட்டர். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டு போனால் ஏழரை நிமிடம். பயிற்சி விமானம் நிமிடத்துக்குச் சராசரி 500 அடி ஏறும் என்று வைத்தாலும் 3,700 அடிதான் சேரும், 1,000 அடியிலிருந்து கிளம்பினால் 4,700. குன்னூர் 6,000 அடிக்கு மேல். ஆக, மேட்டுப்பாளையத்துக்கு மேலே தாழப் பறந்து வந்துவிட்டு நேராக மலையைப் பார்த்து ஏறினால், மலை ஜெயித்துவிடும். ஏற வேண்டியதெல்லாம் சமவெளியிலேயே சுற்றிச் சுற்றி ஏறி முடித்த பிறகுதான் மலைப் பக்கம் மூக்கைத் திருப்ப வேண்டும்.

மேலே போகப் போகக் காற்றும் மெலிகிறது. 7,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். இன்ஜினுக்கு மூச்சு குறைவு, ப்ரொப்பெல்லருக்குப் பிடிப்பு குறைவு, இறக்கைக்குத் தாங்கல் குறைவு. வெயில் ஏறினால் இன்னும் மெலியும். 20 டிகிரி வெயிலில், ஊட்டியின் 7,350 அடி விமானத்துக்கு ஒன்பதாயிரம் அடியையும் தாண்டியதாகத்தான் இருக்கும். கோவையில் நிமிடத்துக்கு 700 அடி ஏறிய விமானம் அங்கே 300-க்குத் தவிக்கும். அந்த நேரத்தில் பள்ளத்தாக்குக்குள் ஏறிப் போனால் இன்னொரு மாயை காத்திருக்கிறது. எதிரே தரை சரிவாக உயர்வதால் தொடுவானம் உண்மையில் இருப்பதைவிட மேலே இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். மூக்கு மெல்ல மெல்லத் தூக்கும், வேகம் மெல்ல மெல்லக் குறையும். திரும்பிவிடலாம் என்று நினைக்கும்போது பள்ளத்தாக்கின் அகலம் போதுமா என்பது கேள்வி. மணிக்கு 165 கிலோமீட்டர் வேகத்தில் 30 டிகிரி சாய்ந்து முழுதாகத் திரும்ப முக்கால் கிலோமீட்டர் அகலம் வேண்டும். நடுவில் பறந்தால் அதில் பாதிதான் கிடைக்கும், அதனால் எப்போதும் ஒரு பக்கச் சரிவை ஒட்டியே போகச் சொல்லிக் கொடுப்பார்கள்.

காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் நம் பக்கத்தில் காற்றாலைகள் காட்டிக் கொடுக்கின்றன. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் காற்று அடித்து வரும், உடுமலை பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்தக் காற்று ஒரு மலைமுகட்டைத் தாண்டினால் மறுபக்கம் கீழே கொட்டும். நிமிடத்துக்கு ஆயிரம் அடி இறங்கும் காற்றில், 300 அடி ஏறும் விமானம் முழு த்ராட்டிலில் கீழே போய்க்கொண்டிருக்கும். முகட்டை நேருக்கு நேர் தாண்டக் கூடாது, 45 டிகிரி கோணத்தில் குறுக்காக நெருங்க வேண்டும், பாதித் திருப்பத்தில் விலகிவிடலாம். மின்கம்பிகளும் உண்டு. 1932-இல் பைக்காரா மின்நிலையம் வந்த காலத்திலிருந்து நம் பள்ளத்தாக்குகளுக்கு மேலே கம்பி தொங்குகிறது. கம்பி தெரியாது, கோபுரம்தான் தெரியும். கோபுரத்துக்கு மேலே தாண்டினால் கம்பியையும் தாண்டியதாகும்.

இவ்வளவும் பைலட் படிப்பில் இருக்கிறது. யாரும் தெரியாமல் போய் மோதுவதில்லை. அப்புறம் ஏன் உள்ளே போகிறார்கள்? "வந்தது வந்துட்டோம், இன்னும் பத்து நிமிஷம்தானே" என்பதால்தான். ஊரில் கல்யாணம் இருக்கும், வண்டி அனுப்பச் சொல்லியிருப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாட்சைப் பார்ப்பார். மேகம் மெல்லத் தாழும், பைலட்டும் மெல்லத் தாழ்வார். ஒவ்வொரு நூறு அடியும் சின்ன விட்டுக்கொடுப்பு, எந்த இடத்திலும் "இதோ இப்போது ஆபத்து" என்று மணி அடிக்காது. அதனால் திரும்புவதற்கான அளவைத் தரையில் இருக்கும்போதே காகிதத்தில் எழுதிக்கொண்டு ஏற வேண்டும். இத்தனை அடிக்குக் கீழே இறங்க மாட்டேன், அந்த மலைமுகட்டின் மறுபக்கம் தெரியவில்லையென்றால் திரும்புவேன் என்று. காற்றில் உட்கார்ந்து அந்த அளவை மறுபடி பேரம் பேசக் கூடாது.

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான், குரலில் ஏமாற்றம். "மாமா, நீண்ட தூரப் பறப்புக்குக் கிளம்பினோம். பாதியிலேயே இன்ஸ்ட்ரக்டர் திருப்பிட்டாரு. எனக்கென்னவோ போயிருக்கலாம்னுதான் தோணுது." எதிரே என்ன தெரிந்தது என்று கேட்டேன். "மலைக்கு அடிவாரம் தெரிஞ்சுது. உச்சி தெரியல." அடிவாரம் தெரிந்து உச்சி தெரியாத மலையை நோக்கிப் போகாத ஆசிரியர் கிடைத்திருக்கிறார் என்றால் அது பெரிய அதிர்ஷ்டம், நாளைக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடு என்றேன். சிரித்தான். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

நாம் இங்கே தரையில் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் அலாஸ்காவில், மலைக் கணவாய்கள் உட்பட 200-க்கும் மேற்பட்ட இடங்களில் அமெரிக்க அரசு வானிலைக் கேமராக்கள் வைத்திருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு படம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அதே இடம் தெளிவான நாளில் எப்படி இருக்கும் என்ற படம், அதில் ஒவ்வொரு முகட்டின் உயரமும் தூரமும் குறித்திருக்கும். எந்த முகடு மறைந்திருக்கிறது என்று பார்த்தாலே மேகத்தின் அடி எத்தனை அடியில் என்று பைலட் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்வார்.

நீலகிரியில் விமான நிலையம் இல்லை. ஆனால் வெலிங்டனுக்கும் ஊட்டி தீட்டுக்கல்லுக்கும் ஹெலிகாப்டர்கள் வருகின்றன, அடிவாரத்தை ஒட்டிப் பயிற்சி விமானங்கள் பறக்கின்றன. கோவையில் என்ன வானிலை என்று அவர்களுக்குத் தெரியும், காட்டேரிப் பள்ளத்தில் இந்த நிமிடம் என்ன என்பது அங்கே நிற்பவருக்கு மட்டுமே தெரியும். மின்சாரமும் செல்போன் டவரும் இந்த முகடுகளில் ஏற்கெனவே வந்துவிட்டன. கோடநாடு காட்சி முனை, லேம்ப்ஸ் ராக், காட்டேரி, கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோவில் பின்பக்கம் என்று நான்கு இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் தெளிவான நாளில் எந்த முகடுகள் தெரிகின்றன என்று படமெடுத்து, உயரங்களை எழுதி, இங்கேயும் அப்படிக் கேமரா வைக்கக் கேட்டு எழுதும் மனுவோடு சேர்த்து வருகிறேன். காட்டேரிப் படத்தில் பள்ளத்தின் தென்பக்கம் மரம் மறைக்கிறது. ரயில் பாதைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து எல்லையில் இன்னும் உயரமான ஓர் இடம் இருப்பதாகச் சொல்கிறார்கள். மழை விட்டதும் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.